பிழை கூடும் திசை

குர்ஷிமுக்கு வெளியே ஒரு டிராக்டர் கொட்டகை.
மைனஸ் பதினொன்று.
ஒன்றரை டன் மில்லிங் மெஷின்
பச்சைப் பெயின்ட் உரிந்து நிற்கிறது.
தொழிற்பள்ளி ஒன்று கழித்துக்கட்டியதைப்
பழைய இரும்பு விலைக்கு எடுத்தேன்.
இறக்கிவைத்த கிரேன்காரன் கேட்டது அதைவிட அதிகம்.

கைச்சக்கரங்கள் மூன்று.
இரண்டு கழன்றன. மூன்றாவது அசையவில்லை.
ராதிம் முதலில் மரியாதையாகச் சொல்லிப் பார்த்தான்,
பிறகு தன் டிராமில் ஒருபோதும் சொல்லமுடியாத வார்த்தைகளில்,
பிறகு கேஸ் பர்னரால்.
இன்று அது அவன் வீட்டில்
முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய்க்குப் பாரம்.

சக்கரம் இருந்த இடத்தில் சர்வோ மோட்டார்.
அதன் முதுகில், தீப்பெட்டி கனத்தில், என்கோடர்.
ஒரு சுற்றுக்குப் பத்தாயிரம் வரை எண்ணும்.
எண்ணுவது தவிர வேறு கவலை கிடையாது அதற்கு.
ஏ என்று ஒரு கம்பி, பி என்று ஒரு கம்பி.
எது முந்துகிறதோ அதை வைத்துத்தான் திசை.

நான் மாற்றிப் பொருத்தியிருந்தேன்.
எனக்குத் தெரியாது. மெஷினுக்கும் தெரியாது.

சனிக்கிழமை நாலரைக்குச் சுவிட்சைப் போட்டேன்.
மேசை ஒரு மயிரிழை வலப்பக்கம் நகர்ந்தது.
ஐயோ, இடப்பக்கம் போய்விட்டேன் என்று நினைத்த டிரைவ்
சரிசெய்ய வலப்பக்கம் தள்ளியது.
இன்னும் இடப்பக்கம் போகிறேனே என்று
இன்னும் தள்ளியது வலப்பக்கம்.
திருத்தத் திருத்தப் பிழை கூடியது,
பிழை கூடக்கூடத் திருத்தும் வெறி.
இதில் சோம்பேறி யாருமில்லை,
பொய் சொன்னவர் யாருமில்லை.
நாலு எண்ணுவதற்குள்
மேசை நுனிக்கும் சுவருக்கும் நடுவே
ராதிமின் தெர்மாஸ் சப்பளிந்து
எலுமிச்சைத் தேநீர் சுவரில் ஏறியது.

நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை
மெஷினுக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தேன், மகா புத்திசாலி.
பிரேக்கரை இழுத்தது அவன்தான்.
டிராம் ஓட்டுகிறவன் கை, கேட்காமலே போகும்.

வெகுநேரம் யாரும் பேசவில்லை.
“பிளாஷெனா, இது உன் கல்யாணம் மாதிரியே இருந்தது”
என்றான்.
சிரிப்பதா என்று யோசிக்குமுன் சிரித்துவிட்டேன்.

ஹினெக் வாயை மூடுவான். நான் பேசுவேன்.
நான் பேசினதும் அவன் இன்னும் மூடுவான்,
அதனால் இன்னும்
பேசினேன், சமையலறையில், காரில், அவன் அம்மா எதிரில்,
கதவுக்கு இந்தப் பக்கமிருந்தும்.
இரண்டு பேரும் சரிசெய்துகொண்டுதான் இருந்தோம்.

மெஷினுக்கு இரண்டே கம்பி. இரண்டு நிமிடம்.
எங்களுக்கு எந்தக் கம்பி என்று
இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

ஞாயிறு. திரையில் நூறு மில்லிமீட்டர், துல்லியமாக.
டயல் கேஜில் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு எட்டு.
என்கோடர் சத்தியம் செய்கிறது: நூறுதான்.
அது எண்ணியது மோட்டாரின் சுற்றை;
மேசை எங்கே நிற்கிறது என்று அதைக் கேட்டவர் யார்?
பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக
நடுமேசையிலேயே ஒரே பயிற்சிக் கட்டையை வெட்டி
திருகுதண்டை நடுவில் மட்டும் தின்றிருந்தார்கள்.
ஓரங்கள் இன்னும் புதுசு.
தண்டு திரும்பும்; நட்டு கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னால் வரும்.

கடைசியில் மேசையின் விளிம்பிலேயே
கண்ணாடி அளவுகோல் ஒட்டினேன்.
மெஷினையும் கிரேனையும் சேர்த்தாலும் விலை எட்டாது.

இப்போது சும்மா நிற்கிறது.
காதை வைத்தால் மெல்ல முனகுகிறது:
ஒரு மைக்ரான் போவதும், திரும்புவதும், மறுபடி போவதும்.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
அழுத்திய அளவுக்கு அழுத்தியது.
“தூங்குதா?”
“இல்லை. நிற்கிறது. வேலையே அதுதான்.”

முதலில் வெட்டியது அலுமினியத்தில் ஒரு தாங்கி,
புதுத் தெர்மாஸுக்கு;
சுவரில், மேசை எட்டாத தூரத்தில்,
இடம் மாறிய சிவப்புப் பொத்தானுக்கு அடுத்து.
நாலு துளையில் ஒன்று பன்னிரண்டு மைக்ரான் தள்ளி விழுந்தது.
விட்டுவிட்டேன்.